ஊக்கில்லாத தாலி

பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு ரமா டீச்சரின் இருமல் பெரிய வசதியாகிப் போயிருந்தது. பாடத்தின் நடுவே அது வரும். டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். அதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு டிபன் டப்பா திறந்து, காலியாகி, மூடப்பட்டுவிடும். அவள் நிமிரும்போது வகுப்பே புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உத்தமமாக உட்கார்ந்திருக்கும். ரமாவுக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. எலுமிச்சை சாத வாசனை மூக்கில் ஏறாமலா போகும்? திட்டுவதற்குக் குரல் வேண்டுமே, அதுதான் இல்லை.

இத்தனைக்கும் சிட்லபாக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் மைக் இல்லாமல் காலைப் பிரார்த்தனையை நடத்தக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அறிவியல் டீச்சர். அவளிடம் படித்த பிள்ளை எதுவும் பொதுத்தேர்வில் அறிவியலில் தவறியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அந்தக் குரலைத்தான் ஜூலையில் தொடங்கிய இருமல் டிசம்பருக்குள் அரித்துத் தின்றிருந்தது. சுண்ணக்கட்டித் தூசி என்றார்கள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மிளகுக் கஷாயம், தேன், ஆவி பிடிப்பது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் அவள் நாலு டாக்டர் கிளினிக்குக்குப் போனாள்.

நாலு டாக்டர் கிளினிக் என்பது ஊர் வைத்த பெயர். நான்கு டாக்டர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்துவதால் அப்படி. போர்டில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? மாடியில் டாக்டர்கள், கீழே மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை, கடைக்கோடியில் எக்ஸ்ரே அறை. எக்ஸ்ரே எடுப்பவள் கெசியா, பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துபோகிறவள், சிரித்த முகம். அவள் எடுக்கும் படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் ஷ்யாம்சுந்தர் அங்கே வருவதே கிடையாது. கோவிலம்பாக்கத்தில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி இன்னும் நான்கைந்து கிளினிக்குகளின் படங்களோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் பார்த்து அனுப்பிவிடுவார். நோயாளியின் நெஞ்சுக்குள்ளே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும், முகம் மட்டும் தெரியாது.

அந்த எக்ஸ்ரே அறையில் ஒரு வழக்கம் இருந்தது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. ஆனால் கல்யாணமான பெண்ணிடம் தாலியைக் கழற்று என்று யார் வாயைத் திறந்து சொல்வது? கெசியா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். அவளும் கழற்றினாள். அடுத்த வாரமே அவள் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொள்ள, மாமியார் சொந்தபந்தத்தோடு கிளினிக் வாசலில் வந்து நின்று ஊரைக் கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து தாலியைப் பின்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. எக்ஸ்ரேவுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எல்லாம் ஒன்றுதான். இதை வருடாவருடம் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்குகிற ரமாவும், தன் முறை வந்தபோது சமர்த்தாகத் தாலிச் செயினை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுத்தான் நின்றாள். படத்தில் தாலி விழும், தாலியில் கோத்த ஊக்குகளும் விழும். தினம் பத்துப் பெண்களின் படத்தில் ஊக்கைப் பார்க்கிற ஷ்யாம்சுந்தர் தாலி ஊக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

முதல் படம் செப்டம்பரில் எடுத்தது. நுரையீரல் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டாவதை டிசம்பரில் எடுத்தார்கள். இந்த முறை வலது பக்கம் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு. சளிப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் பெரிய டாக்டர் சுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, டிபியாக இருக்கலாம், மருந்தை ஆரம்பித்துவிடலாம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான், ரமாவின் மகள் ஸஹானா பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு அவர்தான் வைத்தியர். ஆனால் வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது நல்ல மனிதருக்கும் அவசரம் இருக்கத்தானே செய்யும்.

டிபி என்ற சொல் ரமா வீடு போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, மிகவும் இதமாக, கதவோரமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசினாள். பெற்றோர்கள் கேட்கிறார்கள். டிபி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை வரலாம். இல்லாவிட்டால் ‘பி’ பிரிவை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான், பரீட்சைக்கு அதிக நாள் இல்லையே. ரமா எழுந்து வந்தாள். வாயைத் திறந்திருந்தால் இருமல்தான் வந்திருக்கும். ஆனால் வகுப்பை விடுவதில்லை என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பெரிய கவர்களையும் உருவினாள். இத்தனை நாளும் கவரை வாங்குவதும் டாக்டரிடம் நீட்டுவதும்தான் நடந்ததே ஒழிய, தன் நெஞ்சைத் தானே ஒரு தடவை பார்ப்போம் என்று தோன்றியதில்லை. அப்படி என்ன திட்டு, பார்த்துவிடுவோம் என்று படங்களைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். செல்லோடேப் தீர்ந்துபோய்விட்டதால் சப்பாத்தி மாவைக் கிள்ளி நான்கு மூலையிலும் அப்பினாள்.

எலும்புக்கூட்டின் நடுவே தாலிச் செயின் வளைந்து கிடந்தது. அதற்குச் சற்றுக் கீழே, வலப்பக்கமாக, வெள்ளை வெளேரென்று ஒரு ஊக்கு. மூடிய ஊக்கு. தலையும் வாலில் இருக்கும் சுருளும் அச்சடித்ததுபோல் தெரிந்தன. ரமா அனிச்சையாகக் கழுத்திலிருந்த தாலியை எடுத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் தாலியில் ஊக்கு கிடையாது.

ஊரில் அத்தனை பெண்களும் தாலிச் செயினில் இரண்டு மூன்று ஊக்கையாவது கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அவசரத்துக்கு வேண்டும் அல்லவா. ரமாவும் அப்படித்தான் இருந்தாள். ஸஹானா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் பால் கொடுக்கையில் ஊக்கு ஒன்று திறந்துகொண்டு குழந்தையின் கன்னத்தில் கீறிவிட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடைதான் தள்ளி. அன்று அழுதுகொண்டே எல்லா ஊக்கையும் பிடுங்கி எறிந்தவள், அதற்குப் பிறகு ஒன்றைக்கூடக் கோக்கவில்லை. ஸஹானா இப்போது ப்ளஸ் டூ படிக்கிறாள்.

அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? எக்ஸ்ரே எடுக்கும்போது புடவை இல்லை, ரவிக்கை இல்லை, அவர்கள் கொடுத்த நீலக் கவுன் மட்டும்தான். ரமா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். செப்டம்பர் படத்தில் தாலி மேலே தோள்பட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. டிசம்பர் படத்தில் நடு முதுகுக்கு இறங்கியிருந்தது. செயின் இடம் மாறியிருந்தது, ஊக்கு மட்டும் அதே விலா எலும்புக்கு நேராக அசையாமல் இருந்தது. வெள்ளைத் திட்டு அதை ஒட்டித்தான் முளைத்திருந்தது.

ஜூலை மாதத்து அந்தக் காலை அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, படிய மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. தாலியில் ஊக்கு இல்லாதவள் ஊக்கை எங்கே வைத்துக்கொள்வாள்? இரண்டு கையிலும் மடிப்பு, உதட்டில் ஊக்கு. அறைக்கு வெளியே ஸஹானா சாக்ஸைக் காணோம் என்று கத்த, இவள் ஊக்கைக் கவ்வியபடியே பதிலுக்குக் கத்தி, மூச்சை இழுக்க, புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். ஊக்கைக் காணவில்லை. விழுந்திருக்கும் என்று கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவிவிட்டு, நேரமாகிவிட்டதே என்று டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக் குத்திக்கொண்டு ஓடினாள். கட்டிலுக்கடியில் தேடியது கூடவே பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. ஜன்னல் முன்னால் நின்றபடியே ரமா தன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பயம்தான். கொஞ்ச நேரத்தில் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது, அதுதான் அவளுக்குக் கைவந்த விஷயம்.

கணவர் சத்யநாராயணன் கிண்டியில் அலுவலகம் முடிந்து மின்சார ரயிலில் கசங்கி வந்து சேர்ந்தார். ஜன்னலையும் சப்பாத்தி மாவையும் பார்த்தார். முழுக்கக் கேட்டார். எந்தப் பெண்ணின் எக்ஸ்ரேயை எடுத்தாலும் ஊக்கு இருக்கும், டாக்டர்களுக்குத் தெரியாததா என்றார். தாலியைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்லப்போகிறேன் என்றாள் ரமா. அவர் முகம் மாறியது. திருச்சியில் இருக்கும் தன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். அந்த மட்டில் அவர் தேவலை.

டாக்டர் சுப்ரமணியன் படத்தைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், சிரித்தார். தாலி ஊக்கு என்று அதிலேயே எழுதியிருக்கிறதே அம்மா என்றார்.

“என் தாலில ஊக்கே கிடையாது டாக்டர்.”

அன்றைக்கு இருந்திருக்கும், மறந்திருப்பீர்கள் என்றார் அவர். ஊக்கு நுரையீரலுக்குள் போனால் ஒரு மனுஷி ஐந்து மாதம் பாடம் நடத்திக்கொண்டிருப்பாளா என்றும் கேட்டார். நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வந்தவளை இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார். அடங்கியதும் டிபி மருந்துச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ரமா அதைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினாள். அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். இன்னொருவர் திறந்தார். ரமா நாற்காலியை விட்டு அசையவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பையன் முன்னால் நிற்பாளே, அதே முகம். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, உங்கள் திருப்திக்காக என்று சொல்லி, இன்னொரு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார்.

கீழே எக்ஸ்ரே அறைக்கு வெளியே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கெசியா சீட்டை வாங்கிக்கொண்டு நீலக் கவுனைக் கொடுத்தாள். தாலியைப் பின்னால் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கழற்றிவிடப் போகிறேன் என்றாள் ரமா. கெசியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. வேண்டாம் மேடம், இங்கே அந்த வழக்கம் இல்லை, டாக்டர்கள் திட்டுவார்கள் என்றாள். அந்த மாமியாரின் கூச்சல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

“வெளியே நிக்கற உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மேடம். அவர் சரின்னு சொன்னா எடுக்கறேன். ஆனா நான் அதைத் தொட மாட்டேன்.”

“நெஞ்சு என்னுது கெசியா. அவர் எதுக்குச் சரி சொல்லணும்?” என்றாள் ரமா. சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பெண் மேல் பழி விழக்கூடாது என்றும் தோன்றியது. விறுவிறுவென்று வெளியே வந்தாள். நீலக் கவுனும் நெற்றியில் பொட்டுமாக, கூடத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, தாலிச் செயினைத் தலைவழியாகக் கழற்றினாள்.

முழங்கால் படம் எடுக்க வந்திருந்த சரசு என்ற பம்மல்காரி, வாயைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, “இன்னாம்மா இது, புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கசொல்லோ தாலிய கழட்டிக்கினு கீறே?” என்றாள்.

ரமா கணவர் முன்னால் போய் நின்றாள். செயினை நீட்டினாள். “இதை வெச்சுக்கோங்க. உள்ள ஒண்ணு இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்.”

சத்யநாராயணன் சுற்றிப் பார்த்தார். அத்தனை கண்ணும் அவர் மேல்தான். திருச்சி அம்மா, அலுவலகம், அக்கம்பக்கம் எல்லாம் அவர் மனசுக்குள் ஒரு சுற்று வந்து போயிருக்க வேண்டும். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் பிடிவாதத்துக்கு அடியில் பயமும் இருந்ததை அவர் அப்போதுதான் கண்டார். பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். வாங்கிச் சட்டைப் பைக்குள் போடப் போனவரைச் சரசு அதட்டினாள்.

“அண்ணா, பாக்கெட்ல போட்டுறாத. அக்கா வர்ற வரிக்கும் கைலயே வெச்சுக்கினு நில்லு.”

அவர் அப்படியே நின்றார்.

உள்ளே கெசியா கதவைச் சாத்தினாள். ரமா பலகையில் நெஞ்சைப் பதித்து நின்றாள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடாதீங்க என்ற குரல் வந்தது. வெறும் கழுத்தில் பலகையின் குளிர் ஏறியது. ஒரு வேளை டாக்டர் சொன்னதுதான் சரியோ, படத்தில் ஒன்றுமே இருக்காதோ என்று அந்தக் கணத்தில்தான் அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. இல்லாவிட்டால் ஆறு மாத மருந்து, ‘பி’ பிரிவு போச்சு, தாலியைக் கழற்றி ஆட்டம் போட்டவள் என்ற பெயர் மட்டும் மிச்சம். இருமல் தொண்டைவரை வந்து முட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

திரையில் படம் மெல்ல விழுந்தது. செயின் இல்லை, தாலி இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே, வலப்பக்கம், அதே இடத்தில், ஊக்கு மட்டும் தனியாக இருந்தது. கெசியா பக்கவாட்டில் நிற்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தாள். அதிலும் இருந்தது, நடு நெஞ்சில், முதுகுக்கும் முன்பக்கத்துக்கும் இடையில். கெசியா ஓடினாள். டாக்டர் சுப்ரமணியன் நோயாளியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“மூணு மாசமா உங்களைப் பார்க்கறேன். ஒரு தடவை கழுத்தைப் பார்த்திருந்தா போதும்மா,” என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை, ஆனால் குரலில் அது இருந்தது. ரமாவுக்கு அது போதும். அவளுக்கு வேறு வேலை இருந்தது.

“டிபி இல்லைன்னு எழுதிக் குடுங்க டாக்டர். திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகணும்.”

“திங்கக்கிழமை நீங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்,” என்றார் அவர். ஆனாலும் அங்கேயே நின்று, கெசியாவின் மேசை மேலேயே வைத்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே சத்யநாராயணன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இருக்கு என்றாள் ரமா. அவர் கண் கலங்கிவிட்டது. தாலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டார். மேளம் எங்கே என்று சரசு கேட்க, கூடம் முழுக்கச் சிரித்தது. ரமாவும் சிரித்தாள், சிரித்து இருமினாள், இருமிக்கொண்டே அழுதாள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொண்டை வழியாகக் குழாயை விட்டு ஊக்கை எடுத்தார்கள். துருப்பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. நுரையீரல் தேற மருந்து கொடுத்துச் சில நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ரமா ‘பி’ பிரிவுக்குள் நுழைந்தாள். அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குப் பழைய வழக்கம் விட்டுப்போகவில்லை. பாடம் சூடுபிடித்த நேரத்தில் கடைசி பெஞ்சில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

“குமரவேல், அந்த டப்பாவை மூடிட்டு எழுந்திரு,” என்றாள் ரமா. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. அதற்கும் அடுத்த வகுப்பிலும் நின்றது என்று பிறகு சொன்னார்கள். குமரவேல் வாயில் சோற்றோடு எழுந்து நின்றான். அவளுக்கு இருமல் வரவில்லை. அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது, அதற்குப் பதிலாக நன்றாகத் திட்டினாள். அப்படித் திட்டி எத்தனை மாதமாயிற்று.

எக்ஸ்ரே அறையில் இப்போது மஞ்சள் கயிறு வைத்திருக்கிறார்கள். தாலியைக் கழற்றத் தயங்குகிற பெண்ணுக்கு அதைக் கழுத்தில் கட்டி, தாலியைக் கழற்ற வைத்துத்தான் கெசியா படம் எடுக்கிறாள். யார் சண்டைக்கு வந்தாலும் வரட்டும் என்று நின்றுவிட்டாள்.

ரமாதான் மாறவில்லை. தாலியில் ஊக்குக் கோக்கச் சொல்லி ஸஹானா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். முடியாது என்றுவிட்டாள். ஒரு நாள் காலை கஞ்சிப் புடவை, இரண்டு கையிலும் மடிப்பு, பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் ஊக்கு உதட்டை நோக்கிப் போனது. சத்யநாராயணன் பாதி சவரத்தோடு, கன்னத்தில் நுரையோடு, எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றார். அன்று கிளினிக்கில் நீட்டியதுபோலவே உள்ளங்கையை நீட்டினார்.

“இதுல வை,” என்றார்.